சகலையின் பெட்டியும் பச்சைப் பெடலும்

சகலை தன் பெட்டியைத் திறக்கும்போது இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் டக்கென்று விடுபடும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே கண்ணாடிக்காரருக்கு வயிறு எரியும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாடே இறங்காது.

கண்ணாடிக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ்காரர் வீட்டு கார் ஷெட்டில் குழுவோடு கிட்டார் வாசிப்பார். வருஷத்துக்கு ஒருமுறை நகரமன்றத்தில் கச்சேரி. அதில் கடைசிப் பாட்டின் நடுவே மற்ற எல்லோரும் அடங்கிப்போக, ஒரு கிட்டார் மட்டும் தனியாக எழும். அந்த சோலோ இதுநாள்வரை அவருடையது. மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பார் என்பதற்காகவே மனிதர் மற்ற நாளெல்லாம் உயிரோடு இருக்கிறாரோ என்றுகூடத் தோன்றும்.

இந்த வருஷம் மைத்துனியின் கணவரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு குழுவில் சேர்ந்தார். கப்பல் கம்பெனி வேலை, கைநிறையச் சம்பளம், தலைநிறைய முடி. இது போதாதென்று அந்தப் பெட்டி வேறு. ஓரமெல்லாம் அலுமினியம், உள்ளே பஞ்சு மெத்தை. மூடியைக் கழற்றினால் சாய்வான பலகையில் எட்டு பெடல்கள், குட்டி விளக்குகளோடு வரிசையாக மினுக்கும். காலால் அழுத்தினால் கிட்டாரின் சத்தத்தையே மாற்றிவிடும் இரும்பு டப்பாக்கள் அவை. கண்ணாடிக்காரரிடமும் மூன்று இருந்தன, காய்கறிப் பையில். ஒவ்வொரு வாரமும் அவர் தரையில் மண்டியிட்டு வயர்களைச் சிக்கெடுத்து மூன்றையும் கோப்பதற்குள் மற்றவர்கள் டீயே குடித்து முடித்துவிடுவார்கள்.

"மன்றத்துல மேடை மாத்த நேரமே தர மாட்டாங்க. யார் சட்டுனு தயாராகி நிக்கிறாங்களோ, சோலோ அவங்களுக்குத்தான்" என்றார் டிரம்ஸ்காரர். சொல்லும்போது கண் பெட்டிப் பக்கம் போனதைக் கண்ணாடிக்காரர் கவனிக்காமல் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "மூணு டப்பாதானே? பழைய அலமாரித் தட்டு ஒண்ணு கிடக்கு, அதுல ஒட்டிக்கோங்க" என்றாள்.

"உன் தங்கச்சி வீட்டுக்காரர் அலமாரித் தட்டோடயா வர்றார்?"

"ஓ, அங்க போகுதா கதை" என்று அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

இசைக்கருவிக் கடையை நடத்தும் அம்மாள் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். எத்தனை பெடல் என்று கேட்டார். மூன்று என்று உண்மையைச் சொன்னார் கண்ணாடிக்காரர். உடனே அம்மாள் முழங்கை நீளத்தில் ஒரு பலகையை எடுத்து வைத்தார். நடுவில் வயர் போக இடைவெளி, மேலே ஒட்டுப்பட்டை, கூடவே தடித்த நுரை வைத்துத் தைத்த பை.

"இதுதான் உங்க கைக்கு அடக்கமானது. வயர் முனை பக்கவாட்டுல நீட்டும் பாருங்க, அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் இன்னும் ஒரு பெடலுக்கு இடம் இருக்கு. மழைல நனையாது, கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சகலையின் பலகையை, அவர் கைகழுவப் போயிருந்தபோது, கண்ணாடிக்காரர் நைசாகச் சாண் போட்டு வைத்திருந்தார். மூன்று சாண், நாலு விரல். இது இரண்டு சாணைத் தொடவில்லை. பொறாமை வந்தவனுக்குச் சாண் கணக்குதான் முதலில் தெரியும்.

"இதைவிடப் பெருசு இல்லையா?"

"இருக்கு. அதை எடுத்தா நீங்க கொண்டுவந்த காசுக்கு இந்தத் தடிச்ச பை வராது. மெல்லிசு பைதான் வரும்."

"பரவாயில்லை. பெருசையே கொடுங்க."

வீட்டுக்கு வந்து மூன்று பெடலையும் ஒட்டிப் பார்த்தார். காலி மைதானத்தில் மூன்று பேர் நிற்பது மாதிரி இருந்தது. மறுநாளே கடைக்கு ஓடினார். ரிப்பேராகித் தூக்கிப்போட்ட பெடல்கள் இருக்குமா என்று கேட்டார். அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியைக் காட்டினார்.

"எதைச் சொருகினாலும் இதுல விளக்கே எரியாது. பாகம் கழட்டவா?"

"ஆமா, பாகத்துக்குத்தான்" என்று கூசாமல் சொல்லி ஐந்தைப் பொறுக்கினார். அதில் ஒன்று பச்சை; பெயின்ட் உரிந்து, நல்ல கனமாக இருந்தது. எதையும் அவர் சொருகிப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது சத்தமில்லை, கூட்டம். நடுநடுவே ஒப்புக்குச் சில துண்டு வயர்களையும் செருகிவைத்தார்.

அடுத்த ஞாயிறு பலகையை எடுத்து வைத்ததும் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. சகலை குனிந்து குனிந்து பார்த்தார். அந்த முகம் சுருங்கியதைப் பார்க்கக் கண்ணாடிக்காரர் இன்னும் ஐந்து பெடல்கூட வாங்கியிருப்பார்.

"அண்ணா, இந்தப் பச்சை... இது எங்க கிடைச்சது? நான் தேடாத இடமில்லை."

"நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு."

"அழுத்தவே மாட்டேங்கறீங்களே?"

"எல்லாத்தையும் எல்லா நேரமும் அழுத்தக் கூடாது சகலை" என்று பெரிய ஞானி மாதிரி சொன்னார். ஒரு சொருகலில் தயாராகி நின்றதால் சோலோவும் அவருக்கே என்று முடிவானது. அன்று அவருக்குச் சாப்பாடு இரண்டாம் முறை போட வேண்டியிருந்தது.

கச்சேரி நாள் வந்தது. மாமனார் முன்கூட்டியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மேடையில் சத்தம் சரிபார்க்கும் நேரத்தில் சகலையின் பெடல் ஒன்று திடீரென்று படுத்துவிட்டது. எல்லோரும் சுற்றி நிற்க, அவர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பச்சையை இன்னிக்கு மட்டும் தர முடியுமா? நீங்கதான் அதை அழுத்தறதில்லையே."

கண்ணாடிக்காரர் குனிந்து பச்சையைப் பார்த்தார். செத்த பெடல் என்று சொன்னால் மானம் போகும். தரமாட்டேன் என்றால் அல்பம் என்ற பேர் வரும். அப்போது உள்ளுக்குள் இன்னொரு குரலும் கேட்டது: கொடு, சொருகட்டும், ஊமையாகி நிற்கட்டும், மாமனார் பார்க்கட்டும். அவர் கொடுத்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான். இதை மறைத்துச் சொன்னால் கதையே பொய்யாகிவிடும்.

"தாராளமா எடுத்துக்கோங்க."

சகலை பச்சையை இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டி வயரை எடுத்து அதோடு கோத்தார்.

"உங்களுக்குத் தெரியாததா? இந்தப் பழைய ஜாதிக்கு ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி இருக்கும். நேரா சொருகினா பிணம் மாதிரி கிடக்கும். மாத்திவிட இந்த வயர் வேணும்."

அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. சகலை ஒரே ஒரு சுரத்தைத்தான் இழுத்தார். அது தடித்து, கரகரத்து, மன்றத்தின் பின்சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். டிரம்ஸ்காரர் குச்சியை மடியில் வைத்தார்.

"சோலோ இந்தச் சத்தத்துலதான் வரணும்" என்றார்.

"ஐயோ, அது அண்ணாவோட சோலோ" என்று சகலை பதறினார். "அண்ணா, பெடலை நீங்களே மாட்டிக்கோங்க. வாங்க."

எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். மாட்ட அந்த வயர் அவரிடம் கிடையாது. கேட்டால், இதுவரை ஒருநாளும் மாட்டியதில்லை என்பது வெட்டவெளிச்சமாகும்.

"பரவாயில்லை. நீங்களே வாசிங்க."

சகலை அன்று வாசித்ததைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறை தேடித் தேடிக் கண்ணாடிக்காரருக்குக் கழுத்துதான் வலித்தது. முடிந்ததும் மாமனார் மேடைக்கே ஏறி வந்தார். சகலையின் கையைக் குலுக்கிவிட்டு, கண்ணாடிக்காரரை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"சொந்தப் பெடலையும் கொடுத்து, சோலோவையும் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? எங்க மூத்த மாப்பிள்ளைக்குத்தான் வரும்!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷ சோலோவில் ஒருமுறைகூட அவருக்கு இவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை. அவருக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

வேனில் திரும்பும்போது மெல்லிசுப் பை ஒரு மூலையில் கிழிந்து பலகை வெளியே நீட்டியிருந்தது. பச்சைப் பெடலை மட்டும் அவர் மடியில் வைத்துப் பிடித்திருந்தார். மனைவி சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, இந்த விளக்கு நம்ம வீட்டுல ஒரு நாளும் எரிஞ்சு நான் பார்க்கலையே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கு ஒரு வயர் வேணும்" என்றார் மெதுவாக.

"அது எங்க கிடைக்குமாம்?"

முன்சீட்டில் சகலை தன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கடைசிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் இரண்டுமுறை தொண்டையைச் செருமினார். "சகலை" என்று கூப்பிட்டார். குரல் வேன் சத்தத்திலேயே அடங்கிப்போனது.

"நான் கேட்கட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்" என்று பெடலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தமுறை எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கூப்பிட்டார்.