மகாராணிக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம்

அம்மா, நீ கேட்ட நம்பரை அனுப்ப மாட்டேன். மகாராணி நம்பரும் கிடையாது, அவங்க அம்மா நம்பரும் கிடையாது. சித்தியும் எங்கயாவது தேடிப் பிடிச்சு "எங்க பொண்ணை கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கறியேம்மா"ன்னு அவளுக்கு மெசேஜ் போட்டுட வேண்டாம். சனிக்கிழமை அடுத்த மேட்ச். நீங்க நாலு நல்ல வார்த்தை பேசினா நாங்க தோத்துடுவோம். நான் விளையாட்டுக்கு சொல்லல. போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல சாப்பிட்டியான்னு கேப்பே, நான் சொல்ல வந்ததையே விட்டுடுவேன். அதான் வாயால சொல்லி போனை டைப் பண்ண விட்டிருக்கேன். புள்ளி கமா எல்லாம் அண்ணன் போட்டு படிச்சுக் காட்டட்டும். சித்திக்கு ஃபார்வர்ட் பண்ணக் கூடாது. அண்ணா, உன்னைத்தான்.

நீங்க பாத்தீங்களே அந்த வீடியோ, நானும் மகாராணியும் மேடையில தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கறது. பின்னாடி "பேச்சுத் திறனும் குழுவா உழைக்கறதும்"னு நீளமா ஒரு பேனர். முன்னாடி புதுசா சேர்ந்த பசங்க கை தட்டறாங்க. நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு "நல்ல ஜோடின்னா மனசு விட்டுப் பேசணும்"னு சொல்றேன். இப்ப அதை நினைச்சாலே பல்லு கூசுது. சித்தி அதை சொந்தக்காரங்க, அவங்களுக்கு சொந்தக்காரங்கன்னு ஒருத்தர் பாக்கியில்லாம அனுப்பி வெச்சிருக்கா. பாத்த அத்தனை பேரும் ஏமாந்திருக்கீங்க. நானும்தான்.

மகாராணி யாருன்னா, ஷட்டில் டபிள்ஸ்ல என் ஜோடி. இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ. வீட்டுல நம்ம பாஷைதான், ஆனா அவ பேசினா இஸ்திரி போட்டு மடிச்சு வெச்ச மாதிரி இருக்கும். நான் இங்க காலேஜுக்கு வந்த முதல் நாள், டிரஸ் மாத்தற ரூம்ல ஷூ கட்டிக்கிட்டே யார்கிட்டயோ போன்ல சொல்றா: "புதுசா ஒரு பார்சல் வந்திருக்கு. ராக்கெட்டை கரண்டி மாதிரி பிடிக்குது." நான் அவளுக்கு நேர் எதிர்ல உக்காந்திருக்கேன். எனக்குப் புரியும்னு அவளுக்குத் தெரியும். புரியட்டும்னுதான் சொன்னா.

நான் சொன்னேன், "பார்சலைப் பிரிச்சுப் பாக்காம பேசாதீங்க மகாராணி."

அவ போனை மூடிட்டு, "பிரிக்கற அளவுக்கு எனக்கு ஆர்வம் இல்ல"ன்னா.

அதோட சரி. போன சீசன் முழுக்க எங்களுக்குள்ள பேச்சே கிடையாது. அவளைப் பாத்தாலே எனக்கு எரியும். தண்ணி குடிக்கும்போது சுண்டு விரலை தூக்கிக்குவா, தோத்த டீமுக்கு கை குடுத்துட்டு உடனே டவல்ல துடைச்சுக்குவா. என்னைப் பத்தி அவளுக்கு என்ன நினைப்புன்னு கேக்கவே வேண்டாம், முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்.

ஆனா ஜெயிச்சோம்மா. எல்லாத்தையும் ஜெயிச்சோம். ஏன்னு சொல்றேன், அண்ணன் கொஞ்சம் மெதுவா படிக்கட்டும், இதுதான் முக்கியம்.

டபிள்ஸ்ல உன் பக்கம் வர்ற இறகுப் பந்தை, காக்னு சொல்வோம், நீ அடிக்கணும், என் பக்கம் வந்தா நான் அடிக்கணும். தகராறு எல்லாம் ரெண்டு பேருக்கும் நடுவுல வர்ற காக்தான். அது ரெண்டு பேருதும்தான், யாருதும் இல்ல. மத்த ஜோடியெல்லாம் "என்னுது"ன்னு குரல் குடுத்துட்டு எடுப்பாங்க. நாங்கதான் பேசிக்கறதே இல்லையே. நடுவுல காக் வந்தா, "இவ எங்க எடுக்கப் போறா, கோட்டை விட்டுடுவா"ன்னு நான் பாய்வேன். "இந்த பார்சலுக்கு இதெல்லாம் வருமா"ன்னு அவ பாய்வா. ராக்கெட் ரெண்டும் மோதும், கை மோதும், ஒரு தடவை தலையே மோதி எனக்கு நெத்தி புடைச்சுக்கிச்சு. ஆனா காக் மட்டும் எங்க நடுவுல விழுந்ததே இல்ல. எதிர்ல ஆடறவங்களுக்கு எங்க அடிக்கறதுன்னே தெரியாது. எங்க கோச்சுக்கு விசில்னு பேர், வாயை விட அந்தம்மா விசில்தான் அதிகம் பேசும். அவங்களே ஒரு நாள் சொன்னாங்க, "உங்க ஆட்டத்தைப் பாக்க சகிக்கல. அப்படியே ஆடுங்க."

அப்படியே விட்டிருக்கலாம். காலேஜ் விடுமா. புதுப் பசங்களுக்கு பேச்சுத் திறன், குழு மனப்பான்மைன்னு ஒரு நிகழ்ச்சி வெக்கணும், அதுல ஜெயிச்ச ஜோடி வந்து பேசணும்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்களை தயார் பண்ண வெளியில இருந்து ஒரு ஆளை வரவழைச்சாங்க. அவர் போற இடத்துக்கெல்லாம் சார்ட் பேப்பரை சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டுப் போவார், அதனால அவர் பேரே எங்களுக்கு சார்ட் பேப்பர்தான். அவர் வாழ்க்கையில ராக்கெட்டை தொட்டதில்ல. "நான் விளையாட்டு வீரன் இல்ல, உறவு வீரன்"னு அவரே சொல்லிக்கிட்டார். அந்த நிமிஷம் மட்டும் நானும் மகாராணியும் ஒரே நேரத்துல கூரையைப் பாத்தோம்.

ஒரு சின்ன ரூம். ஏசி ஓடற சத்தம், மடக்கு நாற்காலி ரெண்டு, முட்டியும் முட்டியும் இடிக்கற மாதிரி எதிரெதிரா. சார்ட் பேப்பர் சுவத்துல எதையோ ஒட்டறார், அது விழுது, மறுபடியும் ஒட்டறார். "நீ இப்படி செஞ்சப்ப நான் இப்படி உணர்ந்தேன். இந்த மாதிரிதான் ஒவ்வொரு வாக்கியமும் இருக்கணும். யாரையும் குத்தம் சொல்லக் கூடாது"ன்னார்.

மகாராணி சொன்னா, "நீ மூச்சு விடும்போது நான் எரிச்சலை உணர்ந்தேன்."

"அருமை, திறந்து பேசறீங்க"ன்னு அவர் அதையும் எழுதிக்கிட்டார். அந்த ஆளுக்கு திட்டறதுக்கும் பாராட்டறதுக்கும் வித்தியாசம் தெரியலம்மா.

ஆனா ஒரு ரூம்ல அடைச்சு வெச்சு, கதவையும் சாத்தி, பேசு பேசுன்னா எவ்வளவு நேரம்தான் விறைப்பா உக்காந்திருக்கறது. என்ன ஆச்சுன்னு தெரியல, மகாராணி குனிஞ்சு அவ இடது முட்டியைத் தடவிக்கிட்டே சொன்னா: "எனக்கு இந்த முட்டி சரியில்ல. விசிலுக்குத் தெரியாது. நீ வந்தப்ப என் இடத்தைப் பிடிக்க வந்திருக்கேன்னு நினைச்சேன். அதான் அப்படி பேசிட்டேன்." எனக்கு அழுகை வந்துடுச்சு. நானும் உளற ஆரம்பிச்சேன். டீம்ல இடம் போனா விளையாட்டுக்காகக் குடுத்த காலேஜ் சீட்டும் போயிடும், சீட்டு போனா பெட்டியைக் கட்டிக்கிட்டு உங்ககிட்ட வந்து நிக்கணும், அந்த பயத்துல முதல் மாசம் முழுக்க பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டு அழுதேன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். இதை உங்ககிட்ட சொன்னதில்ல. இப்ப சொல்லியாச்சு, இதுக்காக போன் பண்ணாதே. அவளும் அழுதா. சார்ட் பேப்பர் டிஷ்யூ குடுத்துட்டு எங்களை போட்டோ எடுத்துக்கிட்டார்.

அப்புறம் என்ன, ஒட்டிக்கிட்டோம். துணி துவைக்கற ரூம்ல மெஷின் மேல ஏறி உக்காந்து கதை பேசினோம். மேடையில அந்த கூத்து. சித்திக்கு வீடியோ.

நிகழ்ச்சி முடிஞ்சு வந்த முதல் போட்டி. எதிர்ல ஆடினது ஒண்ணும் பெரிய டீம் இல்ல, ஒருத்திக்கு சர்வ் கூட நேரா போகாது. நடுவுல ஒரு காக் வந்துச்சு. நான் நினைச்சேன், அவதான் நல்லா எடுப்பாளே, நாம ஏன் முந்திக்கணும். அவளும் அதையேதான் நினைச்சிருக்கா. பஸ்ல ஒரே ஒரு சீட்டு காலியா இருக்கும், ரெண்டு பேர் நீங்க உக்காருங்க நீங்க உக்காருங்கன்னு நிப்பாங்க, அதுக்குள்ள மூணாவது ஆள் வந்து உக்காந்துடுவான் பாரு, அந்த மாதிரி. காக் எங்க நடுவுல பொத்துன்னு விழுந்துச்சு. நாங்க அதைக் குனிஞ்சு பாக்கறோம்.

"சாரிடி."

"இல்லடி, என் தப்பு."

அடுத்ததும் அங்கயே விழுந்துச்சு. அதுக்கும் சாரி. அந்த சர்வ் வராதவ கூட கண்டுபிடிச்சுட்டா, அதுக்கப்புறம் நடுவுல தவிர வேற எங்கயும் அடிக்கல. தோத்தோம். சாதாரணமா இல்ல, கேவலமா.

விசில் கழுத்துல இருந்த விசிலைக் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தாங்க. அப்படி வந்தா வாயால பேசப் போறாங்கன்னு அர்த்தம். "நீங்க ஆடினீங்களா, மரியாதை பரிமாறிக்கிட்டீங்களா? சாயங்காலம் அடுத்த மேட்ச். அதுலயும் இந்த உபசாரம்தான்னா ஜோடியைப் பிரிச்சுடுவேன். உன்னை வேற ஒருத்தி கூட ஆட விடறேன்"ன்னு மகாராணியைக் காட்டினாங்க. என்னைக் காட்டல. காட்ட ஒண்ணும் இல்ல, எனக்கு டீமே கிடையாதுன்னு புரிஞ்சுது. உன் மூஞ்சி, வாசல்ல என் பெட்டி, எதிர் வீட்டுக்காரங்க "என்ன, அதுக்குள்ள வந்துட்டே"ன்னு கேக்கறது எல்லாம் வரிசையா ஓடுச்சு.

சார்ட் பேப்பர் வேற மேட்ச் பாக்க வந்திருந்தார். எங்க கிட்ட வந்து, "தோல்வியில உங்க பிணைப்பு இன்னும் இறுகியிருக்கும், இப்ப ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடுங்க"ன்னார். நான் கையை நீட்டிட்டேன்மா. என் புத்தியைப் பாரு. மகாராணி நீட்டல. பையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

நான் பின்னாடியே போனேன். அதே டிரஸ் மாத்தற ரூம் மாதிரிதான் அங்கயும், ஈர டவல் வாடை, ஆடற பெஞ்சு. அவ முதுகைக் காட்டிக்கிட்டே சொன்னா, "பார்சல்."

ரொம்ப நாளா அந்த பேரை சொல்லல அவ. நான் சிரிச்சேன், ஏதோ ஜோக்குன்னு.

"எதுக்கு பல்லைக் காட்டறே? அன்னிக்கு ரூம்ல நான் சொன்னதை எல்லாம் நிஜம்னு நம்பிட்டியா?"

"எதை?"

"முட்டி வலி, பயம், மண்ணாங்கட்டி. அந்தாளை சீக்கிரம் வெளிய அனுப்பணும்னு வாய்க்கு வந்ததை சொன்னேன். நீ நிஜமாவே அழுதே பாரு, எனக்கு சிரிப்பை அடக்க முடியல. அதான் மூஞ்சியை மூடிக்கிட்டேன்."

"பொய் சொல்றே."

"குழாயைத் திறந்து விட்டு அழுவியாமே. என் பிரண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லியாச்சு. பெட்டியைக் கட்டறதுன்னா இப்பவே கட்டு, நானே தூக்கி வந்து வண்டியில வெக்கறேன். கரண்டியை மறந்துடாதே."

அம்மா, அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரத்தம் எல்லாம் மூஞ்சிக்கு வந்துடுச்சு. உங்களுக்கே சொல்லாததை அவகிட்ட சொல்லியிருக்கேன். "நீயெல்லாம் ஒரு ஆளுன்னு உன்கிட்ட பேசினேன் பாரு"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

சாயங்கால மேட்ச்ல முதல் காக்கே நடுவுல. எதிர் டீம் காலையில பாத்திருக்காங்க இல்ல. நான் பாய்ஞ்சேன். அவளும் பாய்ஞ்சா. அவ ராக்கெட் என் விரல் முட்டியில பட்டு தோல் கிழிஞ்சுது. காக் அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு. அவ சாரி சொல்லல, நானும் கேக்கல. அதுக்கப்புறம் நடுவுல வந்த ஒண்ணைக் கூட ரெண்டு பேரும் விடல. அவங்களை ஆடவே விடலம்மா. விசில் விசிலை எடுத்து மறுபடியும் கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. சார்ட் பேப்பர் பக்கத்துல இருந்தவர்கிட்ட "நான் பண்ண பயிற்சி"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். சொல்லிட்டுப் போகட்டும்.

இனிமேதான் நான் சொல்ல வந்ததே.

திரும்பி வர்றப்ப காலேஜ் பஸ்ல அவ முன் சீட்டு, நான் பின் சீட்டு. நடுவுல எங்கயோ வண்டி நிறுத்தினாங்க. எல்லாரும் இறங்கினாங்க, அவளும் இறங்கினா. யாரும் பாக்கலன்னு நினைச்சு, கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இடது காலை முதல்ல வெச்சு, அப்புறம் வலது காலை பக்கத்துல கொண்டு வந்து வெச்சு, ஒவ்வொரு படியா இறங்கினா. அந்த இடது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்துச்சு.

அப்ப முட்டி பொய் இல்ல. முட்டி பொய் இல்லன்னா அன்னிக்கு சொன்னது எதுவுமே பொய் இல்ல. பிரண்ட்ஸ்கிட்ட சொன்னதும் இருக்காது, அவளுக்கு ஏது அத்தனை பிரண்ட்ஸ். எனக்கு ஓடிப் போய் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. கட்டிப் பிடிச்சுட்டா சனிக்கிழமை நடுவுல வர்ற காக்கெல்லாம் யார் எடுக்கறது?

விசிலோட பெட்டியில இருந்து ஐஸ் பையை எடுத்துட்டுப் போய் அவ சீட்டுல போட்டேன். அவ ஏறி வந்தா. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னேன், "நொண்டிக்கிட்டு நடந்தா எதிர் டீம்காரிங்க கண்டுபிடிச்சுடுவாங்க. உன்னால எனக்கும் சேத்து கேவலம். வெச்சுக் கட்டித் தொலை."

"உன் விரலைப் பாரு முதல்ல. ரத்தம் சீட்டுல ஒட்டுது. பார்சல்னா ஒழுகாம இருக்கணும்."

"உன் வீட்டு சீட்டு பாரு."

அவ ஐஸை எடுத்து முட்டியில வெச்சுக்கிட்டா. ஒரு பிளாஸ்திரியை திரும்பிப் பாக்காமலே பின்னாடி வீசினா. மூஞ்சியில வந்து விழுந்துச்சு. ஒட்டிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் இந்த நிமிஷம் வரைக்கும் பேசல. அவளைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறேன், அவளும்தான். நேத்து தண்ணி குடிக்கும்போது சுண்டு விரலைத் தூக்கினா, எனக்குப் பழையபடி எரிச்சல் வருதான்னு பாத்தேன். கொஞ்சம்தான் வந்துச்சு. அதான் பயமா இருக்கு. இந்த நேரத்துல நீங்க போன் பண்ணி நன்றி கின்றின்னு ஆரம்பிச்சா அந்த கொஞ்சமும் போயிடும்.

அதனால நம்பர் கிடையாது. சீசன் முடியட்டும், நானே அவளை போன்ல கூப்பிட்டு உன்கிட்ட குடுக்கறேன். நீ அப்ப என்ன வேணா சொல்லிக்கோ. அது வரைக்கும் யாராவது கேட்டா, அவ திமிர் பிடிச்சவ, உங்க பொண்ணுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாதுன்னு சொல்லு. சித்திகிட்ட கண்டிப்பா சொல்லு.

சாப்பிட்டேன்.