பின்னால் யாரும் இல்லை

காட்டினேன், காட்டத்தானே செய்தேன், ஏழு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் செய்கிற வேலை, மறக்குமா என்ன... முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் அந்தப் பக்கக் கையை இறக்கி விரலால் சுட்டுவார், அடுத்தவர் சுட்டுவார், அதற்கடுத்தவர், இப்படியே பதினோரு சைக்கிளையும் தாண்டி சேதி கடைசி ஆள்வரை போய்ச் சேரும். பின்னால் வருகிறவர்களுக்குச் சாலை தெரியாது, முன்னால் போகிறவரின் முதுகும் கையும்தான் தெரியும், அதை நம்பித்தான் முழம் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு பறக்கிறோம். நான் பத்தாவது, தங்கை பதினொன்றாவது. எனக்கு முன்னால் போன பேங்க்காரர் இடது கையை இறக்கினார், நான் பார்த்தேன், பள்ளத்தையும் பார்த்தேன், அண்டா அளவுக்கு இருந்தது, ஒதுங்கிப் போனேன்... அப்புறம்? அப்புறம் பின்னால் ஒரு சத்தம். கத்தல்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் அவள் சரளைக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள், சைக்கிள் ஒரு பக்கம் கிடக்கிறது, சக்கரம் மட்டும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடது தோள் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுக்கிற எனக்குப் படம் எதற்கு, காறை எலும்பு போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

மிதி, பேசாமல் மிதி, வீடு இன்னும் இருபது கிலோமீட்டர். ஏன் இந்த இடது உள்ளங்கை இப்படி எரிகிறது, விழுந்தது அவள்தானே... நாலு மாசத்துக்கு முன்னால் இவளைக் குழுவில் சேர்த்தது நான், வீட்டுக்குப் பின்னாலிருக்கிற சந்தில் கூட்டிப்போய் ஒவ்வொரு கை அசைவாகச் சொல்லிக்கொடுத்ததும் நான். “ரோட்டப் பாக்காத, என் கையப் பாரு, அது போதும்” என்றேன், அவளும் எதிர்த்துப் பேசாமல் அதையே பார்த்தாள், சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். நாலே மாசம். இன்றைக்கு டீ குடிக்க நின்ற இடத்தில் எங்களை நடத்திப்போகிற வாத்தியார், ரிட்டையரானாலும் வகுப்பெடுக்கிற குரல் போகாத மனுஷர், என்னிடம் வந்து, “அடுத்த வாரம் உன் தங்கச்சி முன்னால போகட்டும், நல்ல கால் அவளுக்கு, என்னம்மா சொல்ற?” என்றார். தாராளமா சார் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். ஏழு வருஷத்தில் ஒரு தடவை என்னை முன்னால் போகச் சொன்னதுண்டா? இல்லை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, எனக்கு அவள்மேல் ஒன்றுமில்லை, நான் என்ன சின்னப் பிள்ளையா... டீக்கடையிலிருந்து பள்ளம் வரைக்கும் கால் மணி நேரம் இருக்குமா?

“யாரும்மா காட்டல?” என்று வாத்தியார் கேட்டதும் முந்திக்கொண்டது என் வாய். “நான் காட்டினேனே சார்.” என் பெயரை யாரும் சொல்லவில்லை, ஒரு விரல்கூட என் பக்கம் நீளவில்லை. தங்கை என்னைத்தான் பார்த்தாள், முகம் வெளுத்திருந்தது, அடிபட்ட கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு, “அக்கா காட்டினா சார், நான்தான் வேற எங்கயோ பாத்துட்டேன்” என்றாள். அவளாவது, வேறெங்கோ பார்ப்பதாவது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் அந்த வழியாக வந்த முட்டை வேனை நிறுத்தி, தட்டுகளை ஒதுக்கி இரண்டு சைக்கிளை ஏற்றினார்கள், டிரைவர் பக்கத்தில் அவளை உட்காரவைத்தார்கள், இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம், நான் இல்லாமல் வேறு யார், படியில் கால் வைத்தேன்.

“நீ வேணாம்க்கா. சார் வரட்டும்.”

“ஏன்டி? நான்தானே வரணும்?”

“நீ வேணாம்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லையே. அவ்வளவுதான், வேன் போய்விட்டது. படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிங்க என்று தினம் நூறு பேரிடம் சொல்கிறவள் நான், அப்போதிலிருந்து நானே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் போலிருக்கிறது... ஒன்பது பேர் மிச்சம், நான் கடைசி. அதோ முன்னால் ஒரு கை இறங்குகிறது, அடுத்தது, அதற்கடுத்தது, பேங்க்காரர் கை, பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம், ஒதுங்கினேன். ஒதுங்கிய பிறகுதான் பார்க்கிறேன், என் இடது கை கீழே தொங்குகிறது, விரல் பள்ளத்தைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. யாருக்கு? திரும்பிப் பார்த்தேன், காலி ரோடு. நான் போகச் சொல்லவில்லையே, நினைக்கக்கூட இல்லையே, அது பாட்டுக்குப் போயிருக்கிறது, ஏழு வருஷப் பழக்கம்... உள்ளங்கையைத் திருப்பினேன். ஹேண்டில் ரப்பரின் வரிவரியான தடம் இன்னும் சிவப்பாக, தோல் வழன்றுபோகிற அளவுக்குப் பதிந்திருந்தது. தானாகப் போகிற கை இது. அப்படியென்றால் அவள் விழுந்த பள்ளத்தில் இதை ஹேண்டிலோடு இவ்வளவு இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது...