எதிர் விமானியின் பெயர்

ஏர் மார்ஷல் எட்வின் ஓய்வுபெற்று ராஜபாளையம் திரும்பியதிலிருந்து ஊர் அவருக்குப் பல முறை மாலை போட்டிருக்கிறது. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் மூன்று எதிரி விமானங்களை வீழ்த்தியவர். பிறகு ஒரு விபத்தில் முதுகெலும்பு உடைந்தது. இனிப் பறக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். எட்வின் கேட்கவில்லை. வலியோடு பயிற்சி செய்து மறுபடி விமானத்தில் ஏறினார். படிப்படியாக உயர்ந்து, பல விமானத் தளங்களுக்குத் தலைமை ஏற்றார்.

எண்பதை நெருங்கும் வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குப் பாராட்டு விழா. ஏற்பாடு மில் முதலாளி வைகுண்டராஜ். எட்வின் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"நான் கடைசியா வீழ்த்துன விமானத்தை ஓட்டுனவன் பேரு நதீம். அதை மேடையில சொல்லுவேன்."

"எதுக்கு சார்? சனம் தப்பா எடுத்துக்கிடும்."

"அன்னைக்கு என் கூட்டாளி விமானம் தீப்பிடிச்சு, பாராசூட்ல இறங்கிட்டு இருந்தான். நதீம் அவனைச் சுட்டிருக்கலாம். சுடாம விலகித் திரும்புனான். அந்தத் திருப்பத்துலதான் என்கிட்ட மாட்டுனான். இது தெரிஞ்ச ஆளு இப்ப நான் ஒருத்தன்தான்."

வைகுண்டராஜ் அரைமனதோடு தலையசைத்தார். "சரி சார். ரெண்டு வார்த்தையில முடிச்சுக்கிடுங்க."

இரண்டு வார்த்தையில் முடியவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "எதிரிக்கு எதுக்குய்யா புகழ்ச்சி?" என்றது ஒரு குரல். சிலர் எழுந்து கிளம்பினார்கள். வைகுண்டராஜ் கண்ணைக் காட்ட, மைக் நின்றது. எட்வின் மேடை விளிம்புக்கு வந்து, குரலை உயர்த்தி, மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

முன்வரிசையில் கூமாப்பட்டி முத்துப்பேச்சி எழுந்தாள். எல்லையில் மகனைப் பறிகொடுத்தவள். அவளுக்கும் அன்று சால்வை போடுவதாக இருந்தது. கூட்டம் அடங்கியது.

"எம் மவனைச் சுட்டவன் அவிய ஊருல இப்பிடி எம் மவன் பேரைச் சொல்லுவானாய்யா?"

"தெரியாது தாயி. அவன் சொல்லுவானான்னு பார்த்துக்கிட்டு நான் சொல்லல."

முத்துப்பேச்சி உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் மவன் பேரு மலைச்சாமி. அதையும் நீங்களே சொல்லிருங்க."

எட்வின் நிமிர்ந்து நின்று அந்தப் பெயரைச் சொன்னார். வெளியே கிளம்பியவர்களில் சிலர் பந்தல் வாசலிலேயே நின்றார்கள். சிலர் போய்விட்டார்கள்.