கதையில் கண் திறந்தவள்

எலிக்கு அந்தப் பெயரை வைத்தது நெட்டைதான். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பைக்குள் கையை விட்டு எதையாவது எடுத்துக் கொறிப்பாள். டீச்சர் திரும்பிப் பார்த்தால், ஒரு கன்னம் உப்பியிருக்க, பால் மணம் மாறாத முகத்தோடு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நெட்டைக்குச் சிரிப்பை அடக்கவே பாதி வகுப்பு போய்விடும்.

பதின்மூன்று வயதில் எலிக்குத் திடீரென்று அடங்காத தாகம் எடுத்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஆளோ குச்சியாக இளைத்தாள். ஒருநாள் வகுப்பிலேயே வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், சில வாரம் கழித்து ஓர் இன்சுலின் ஊசிப் பேனாவோடு திரும்பி வந்தாள். சர்க்கரை நோய். இனி ஆயுசுக்கும் ஊசி. எல்லோரும் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றபோது, நெட்டையைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"இனிமே என்கிட்ட வம்பு பண்ணினே, குத்திடுவேன். ஜாக்கிரதை."

அதோடு சரி. சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றில் குத்திக்கொள்வாள், பேச்சை நிறுத்தக்கூட மாட்டாள். ஒருமுறை மட்டும், பையைக் காட்டி, "எனக்கு மயக்கம் கியக்கம் வந்தா உள்ள ஜூஸ் இருக்கு. நீயே குடிச்சிடாதே" என்று போகிற போக்கில் சொன்னாள். நெட்டையும் சிரித்துவிட்டு மறந்துவிட்டாள். நோய் எலியுடையது. அதைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும். நெட்டைக்குத் தெரிந்தது ஓட்டம். பள்ளியின் தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக எலி ஓடி வந்து கட்டையை நீட்டுவாள், கடைசியாக நெட்டை வாங்கிக்கொண்டு பறப்பாள். அந்த ஜோடியைத் தாண்ட அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் ஆளில்லை.

அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம்தான் அந்த நாவல் வந்தது. பள்ளி நூலகத்துக்கு வந்த நாளிலிருந்து அது அலமாரியில் இருந்ததே இல்லை. கதாநாயகிக்குப் பதினாறு வயது, சர்க்கரை நோய். யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறாள். ஊசி போடும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சாவை நினைக்கிறாள். மழையில் மயங்கி விழுகிறவளை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவள் பையிலிருந்து ஊசியை எடுத்துப் போடுகிறான். மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பதற்குள் அவள் கண் திறக்கிறாள். கடைசியில் வேறொரு நாள், வேறொரு மயக்கத்தில், அவன் வந்து சேர்வதற்குள் இறந்துபோகிறாள். சிரித்தபடி, மெழுகுபோல வெளுத்து, அழகாக.

வகுப்பே அழுது தீர்த்தது. நெட்டை அதை நான்கு முறை படித்தாள். மழைக் காட்சி அவளுக்கு மனப்பாடம்.

எலியோ பாதியிலேயே மூடிவிட்டாள். "இவ ஊசி போடறப்ப ஜன்னலைப் பாக்கறா. நான் அப்படிப் பாத்தா ஊசி பெஞ்சுல போய்க் குத்தும்."

"முழுசாப் படிடி. கடைசில என்ன அழுகை தெரியுமா?"

"சாகத்தானே போறா? எனக்கென்ன அவசரம்?"

மழைக் காட்சி வரை அவள் போகவே இல்லை. போயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், இது தப்பு என்று சொல்லியிருப்பாள். அதை நினைத்து நினைத்துத்தான் நெட்டை பின்னால் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

புத்தகம் வந்த பிறகு எலியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. பிஸ்கட்டை வாயருகே கொண்டுபோனால் யாராவது கையைப் பிடித்தார்கள். "அய்யோ, நீ சாப்பிடக் கூடாதே!" படிக்கட்டில் பையைத் தூக்க வந்தார்கள். பின்பெஞ்சுக்காரி ஒருத்தி, "உனக்கு பயமா இல்லையா?" என்று கண்ணீர் மல்கக் கேட்டாள். "பயமாத்தான் இருக்கு, நாளைக்குக் கணக்குப் பரீட்சை" என்றாள் எலி. எல்லாருக்கும் எதிரில் கொறிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். நெட்டை அதைக் கவனித்தாள். வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை.

மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரம், பள்ளி முடிந்து மைதானத்தில் பயிற்சி. வெயில் இன்னும் சுட்டது. எலி மதியம் ஊசி போட்டுக்கொண்டாள். ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் நாலு பேர் சுற்றி நின்று என்ன சாப்பிடுகிறாள் என்று பார்க்க, எரிச்சலில் பாதியோடு மூடிவிட்டாள். அதோடுதான் ஓட வந்தாள். மூன்றாவது சுற்றில் கட்டையை நீட்டும்போது அவள் கை நடுங்கியது. கட்டை கீழே விழுந்தது.

"என்னடி தூங்கறியா?" என்றாள் நெட்டை.

"உன் மூஞ்சி" என்றாள் எலி. வார்த்தை குழறியது. சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. கோட்டிலேயே உட்கார்ந்தாள், பிறகு பக்கவாட்டில் சரிந்தாள்.

விளையாட்டு டீச்சர் பின்கட்டிடத்தில் தடை ஓட்டக் கம்பிகளை எடுக்கப் போயிருந்தார். மைதானத்தில் இருந்தது ஏழெட்டுப் பெண்கள்தான். நெட்டை எலியின் பையைக் கவிழ்த்தாள். ஜூஸ் டப்பா ஒரு கையில் வந்தது, பேனா மறு கையில்.

"ஜூஸையா குடுக்கப் போறே?" என்று யாரோ அலறினாள். "சுகர்க்காரிக்குச் சர்க்கரையைக் குடுத்துக் கொல்லப் பாக்கறியா? ஊசியைப் போடு! அந்தக் கதைல அப்படித்தானே போட்டான்!"

போடு, போடு என்று எல்லோரும் கத்தினார்கள். எலி எப்போதோ சொன்ன சொல் நெட்டையின் மனதில் வந்தது. வந்த வேகத்திலேயே மழைக் காட்சி அதை அடித்துக்கொண்டு போனது. ஜூஸைப் புல்லில் வைத்தாள். எவ்வளவு போடுவது? கதையில் அவன் அளவுத் திருகைக் கடைசிவரை திருகினான். அவளும் கடைசிவரை திருகினாள். எலியின் சட்டையைத் தூக்கி, அவள் தினமும் குத்திக்கொள்ளும் இடத்தில் குத்தி அழுத்தினாள்.

பிறகு கூப்பிட்டாள். ஒருமுறை. இன்னொரு முறை. மூன்றாவது முறை.

கண் திறக்கவில்லை. திறக்கும் என்று சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் யாரும் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை, டீச்சரைத் தேடியும் ஓடவில்லை. கதையில் அதற்கெல்லாம் வேலையே இருக்கவில்லையே. எலியின் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒருத்தி வீறிட்டுக்கொண்டு ஓடினாள். நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தமும் நுரையும் வழிந்தன. பாவாடை நனைந்தது. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நெட்டை அதற்கு முன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸ் நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்தது. "நான் ஊசி போட்டுட்டேன் அண்ணா" என்றாள் நெட்டை, மூச்சு வாங்க. அந்த நிமிடம்வரை நல்லது செய்துவிட்டதாகவே நினைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர் எலியின் விரலில் குத்தி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "எவ்வளவு?"

"முழுசா."

அவர் முகத்தில் ரத்தம் சுண்டியது. குளுக்கோஸ் ஏற்ற நரம்பைத் தேடத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எலியின் அம்மா வேலை உடையிலேயே வந்து சேர்ந்தாள். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். டாக்டர் அவளிடம் மெதுவாக விளக்கினார். சர்க்கரை இறங்கித்தான் மயங்கியிருக்கிறாள். அதன்மேல் இன்சுலின், கிணற்றில் விழுந்தவள் தலையில் கல்லைப் போட்ட மாதிரி. மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் ரொம்ப நேரம் போய்விட்டது. என்ன ஊசி, எவ்வளவு என்று இந்தப் பெண் மறைக்காமல் சொன்னதால்தான் உயிராவது தங்கியிருக்கிறது.

அம்மா திரும்பி நெட்டையைப் பார்த்தாள்.

"ஊசி போடச் சொல்லி யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"புத்தகத்துல இருந்துச்சு அத்தை."

"எந்தப் புத்தகம்? பாடப் புத்தகமா?"

"இல்ல அத்தை. கதைப் புத்தகம்."

அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. வேறு மொழியில் எதையோ கேட்டவள்போல நின்றாள். பிறகு சொன்னாள்: "உன்னைத் திட்டவும் எனக்கு வாய் வரல. உன் முகத்தைப் பாக்கவும் முடியல. நீ வீட்டுக்குப் போ."

எலி பிழைத்தாள். பல நாள் கழித்துக் கண் விழித்தாள். நடந்தாள், சாப்பிட்டாள், பழையதெல்லாம் நினைவிருந்தது. புதிதாக மட்டும் எதுவும் தங்கவில்லை. காலையில் வந்து போனவர் மாலையில் வந்தால், "எப்ப வந்தீங்க?" என்பாள். சிலசமயம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயருக்காகத் திணறுவாள்.

பள்ளியில் நூலகப் புத்தகத்துக்கு முன்னைவிட நீண்ட வரிசை. நம்ம ஸ்கூல்லயே நடந்துச்சு என்று கீழ்வகுப்புப் பிள்ளைகள் வாங்கிப் போனார்கள். எலி விழுந்த கோட்டருகே யாரோ பூ வைத்திருந்தார்கள். அவளைக் கதாநாயகியின் பெயரைச் சொல்லியே பேசினார்கள். நெட்டை அந்தப் பூவை வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "அவ சாகலடி!" என்று கத்தினாள். அழுவதற்கு ஆசைப்பட்டு நின்ற முகங்களில் ஏமாற்றம் தெரிந்தது.

நெட்டையின் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, "வா, கேட்டுட்டு வரலாம்" என்று மகளைப் பதிப்பகத்துக்கு அழைத்துப் போனார். மாடிப்படி முழுக்க அட்டைப்பெட்டிகள், பசை வாசனை. பதிப்பாளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு எழுத்தாளருக்குப் போன் செய்தார். அவர் உடனே வந்தார். நெட்டை மனதில் வைத்திருந்த ராட்சசி இல்லை. கண்ணாடி போட்ட, அவள் பெரியம்மாவின் வயதுள்ள பெண்மணி. படியேறி வந்ததில் மூச்சிரைத்தது.

நெட்டை நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"எங்கேர்ந்து எடுத்தீங்க அதை? டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?" என்றார் அப்பா.

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்கலைங்க. சின்ன வயசுல ஒரு கதை படிச்சேன். அதுல அப்படித்தான் இருந்துச்சு. மயங்கி விழுவா, ஊசி போட்டா எழுந்திருப்பா. அதுவே மனசுல நின்னுடுச்சு. உண்மைன்னே நினைச்சேன்."

"அந்த வியாதி இருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று நெட்டை கேட்டாள்.

"தெரியாதும்மா."

"அப்புறம் ஏன் அதையே வெச்சீங்க?"

எழுத்தாளர் கண்ணாடியை மடக்கி மேசைமேல் வைத்தார். "சாகறதுக்கு ஒரு வியாதி வேணும்னு இருந்துச்சு" என்றார். "அசிங்கமில்லாத ஒண்ணு."

நெட்டை எழுந்து நின்றாள். "அவ நாக்கைக் கடிச்சுட்டா. வாயெல்லாம் ரத்தம். பாவாடையிலேயே மூத்திரம் போயிட்டா. சிரிக்கலை."

எழுத்தாளர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். பதிப்பாளர் அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுவதாக வாக்குக் கொடுத்தார். "விக்கிறதையே நிறுத்துங்க" என்றார் எழுத்தாளர். நிறுத்தியும் விட்டார்கள். ஆனால் ஏற்கெனவே போன பிரதிகள் போனவைதான். கைமாறிக் கைமாறி யார் தலைமாட்டில் எது இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு அந்த எழுத்தாளர் எழுதவில்லை என்று கேள்வி. நெட்டைக்கு அதில் ஆறுதலும் இல்லை, வருத்தமும் இல்லை.

அவள் எலியின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா திறந்து பார்த்து மூடிக்கொண்டே இருந்தாள். ஆனால் இஸ்திரி மேசை எத்தனை நாள் காத்திருக்கும்? மகளைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தவள் மூடவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வா. இதெல்லாம் எப்படின்னு காட்டறேன். நல்லாக் கேட்டுக்கோ."

விரலில் எப்படிக் குத்துவது, எந்த அளவு வந்தால் என்ன கொடுப்பது, விழித்திருந்தால் என்ன, மயங்கிவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நெட்டை திருப்பிச் சொன்னாள். அம்மா மறுபடி சொல்லச் சொன்னாள், நெட்டை மறுபடியும் சொன்னாள். அம்மா தலையசைத்துவிட்டுச் சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நெட்டை அங்கேதான். எலி அவளைப் பார்த்ததும் முகம் மலர்வாள். பழைய டீச்சர்களைப்போலப் பேசிக் காட்டுவாள், பழைய கேலியெல்லாம் அப்படியே வரும். பிறகு நெற்றியைச் சுருக்கி, தினமும் தவறாமல் கேட்பாள்: "எனக்கு என்னடி ஆச்சு?"

நெட்டை தினமும் சொல்வாள். "நீ மைதானத்துல விழுந்தே. சர்க்கரை இறங்கியிருந்துச்சு. நான் தப்பா ஊசி போட்டுட்டேன்."

எலி தினமும் அதை முதல்முறையாகக் கேட்பாள். சிலநாள், "லூசு" என்று சிரிப்பாள். சிலநாள் கையில் இருக்கும் டம்ளரை வீசுவாள். ஒருநாள் நெட்டையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அம்மா ஒருமுறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் நெட்டையைத் தனியாக அழைத்தாள். "எதுக்கு தினம் தினம் இந்தச் சித்திரவதை? நீ தானா விழுந்தேன்னு சொல்லிட்டுப் போயேன். அவளுக்கு நினைவா இருக்கப் போகுது?"

"அப்புறம் அதுவும் ஒரு கதையாயிடும் அத்தை."

அம்மா தோள்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று எலி சிரிக்கவும் இல்லை, எதையும் வீசவும் இல்லை. நெட்டை சொன்னதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. "இனிமே என் வீட்டுக்கு வராதே" என்றாள். நெட்டை அம்மா திரும்பும்வரை அறை மூலையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் எலி துள்ளி எழுந்தாள். "வாடி நெட்டை! எவ்வளவு நாளாச்சு உன்னைப் பாத்து!"