எஞ்சின் வடியும்வரை

பழைய வேனின் எஞ்சினை வாடகைக்கு எடுத்த சங்கிலிக் கப்பியால் இறக்கி, வாசல் நடையில் மரக்கட்டைகள்மேல் உட்காரவைத்துவிட்டு, அப்பா கையைத் துடைத்துக்கொண்டே தேநீர் கேட்டார். "ஆயிலை நாளைக்கு வடிச்சுக்கலாம்" என்றார். மகள் தம்ளருடன் திரும்பியபோது எஞ்சினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தாள்.

டாக்டர் வந்துபோன பிறகு, அப்பாவின் கூட்டாளியான லோடு வண்டிக்காரருக்கு அவள்தான் போன் செய்தாள். 'போயிட்டாரு' என்றால் எங்கே என்று கேட்பார். அதனால், "மாமா, அப்பா இறந்துட்டாரு" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரே சாலை இரைச்சல்.

"இறக்கிட்டாரா? ஒத்தை ஆளாவா! சொன்னா கேக்கற மனுசனா அவரு! காலையில வண்டியோட வரேன், பழைய இரும்பு யார்டுல கொண்டுபோய்ப் போட்டுடலாம்."

போன் துண்டிக்கப்பட்டது. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல அவளால் முடியவில்லை.

காலையில் ஹாரன் அடித்தபடி வந்தவர், தெருவில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்து வண்டியை அணைத்தார்.

"யாரும்மா?"

"அப்பாதான். நேத்தே சொன்னேனே மாமா."

அவர் உதடுகள் அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவை வெளியே கொண்டுவர வழியில்லை. எஞ்சின் நடையை அடைத்துக்கொண்டிருந்தது. சங்கிலி நேற்றே கடைக்குத் திரும்பியிருந்தது.

சித்தப்பா சட்டைக்கையை மடித்தார். "நாலு பேர் பிடிங்க. சாய்ச்சுக் கிணத்தோரமா உருட்டிடலாம்."

"சாய்ச்சா ஆயில் கொட்டும் சித்தப்பா."

"கொட்டட்டும். மண்ணு குடிச்சுட்டுப் போகுது."

"அந்தக் கிணத்துத் தண்ணியத்தான் நாம குடிக்கிறோம். வடிச்ச பிறகு எப்படி வேணா உருட்டுங்க."

"ஊரே காத்துக்கிட்டிருக்கு. அண்ணனை உள்ளே கிடத்திட்டு உனக்கு ஆயில் பெரிசாப் போச்சா?"

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு அருகில் குனிந்தாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வடியட்டும் விடுங்க. அவருக்கென்ன, இன்னிக்கு அவசரமா?"

யாரோ சிரித்துவிட்டு, இருமுவதுபோல மாற்றிக்கொண்டார்கள்.

அடைப்புத் திருகு அசையவில்லை. லோடு வண்டிக்காரர் எழுந்துவந்து கை நீட்டினார். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு, ஸ்பேனரின் முனையைக் காலால் மிதித்தாள். கிறீச்சென்று இளகியது. குளிரில் இறுகியிருந்த ஆயில், கீழே வைத்த தட்டில் தடித்த கயிறாக இறங்கியது.

அடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். சித்தப்பா அதே தட்டைக் காட்டினார். "இதுலயே விடேன்."

"கலந்தா யார்டுல வாங்க மாட்டாங்க. வேற கேன் வேணும்."

முணுமுணுத்துக்கொண்டே போனவர் ஒரு கேனுடன் திரும்பினார். கொடுக்காமல் தானே எஞ்சின் குழாயின் கீழே ஏந்திப் பிடித்து, கடைசிவரை குந்தியிருந்தார். அவள் ஃபில்டரைக் கழற்றித் தட்டின்மேல் கவிழ்த்தாள்.

கயிறு நூலானது. நூல் சொட்டானது. நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலகை வைத்து எஞ்சினை உருட்டி வண்டியில் ஏற்றியபோது நடை உலர்ந்தே இருந்தது. அந்த வழியாக அப்பாவைத் தூக்கிப்போனார்கள்.

சாயங்காலம், தெருவோரம் நின்ற வேனுக்குள் அவள் எட்டிப்பார்த்தாள். எஞ்சின் இல்லாத வண்டி. அப்பா கைப்பிரேக்கை முழுக்க இழுத்துப் போட்டிருந்தார்.