பிரிட்டோவின் அயிரை

ஜெயப்பிரகாஷ் சார் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூடியைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து, திறந்து, முகர்ந்தார். முகர்ந்தவர் மூடியைக் கீழே வைத்தார். எதிரே அப்பா, ஞாயிறு பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மாற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையனைப் போல நின்றிருந்தார். எனக்கு அவரை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

பாட்டிலுக்குள் இருந்தது ஒரு மீன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. எத்தியோப்பியாவில் ஒரு காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போன என் அண்ணன் பிரிட்டோ, அங்கே ஏதோ மலை ஓடையில் பிடித்தது. பிடித்த அன்றைக்கே அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான். நம்ம ஏரி வாய்க்கா அயிரை இங்க வந்து ஒளிஞ்சிக்கினு இருக்குதுப்பா என்று ஒரே சிரிப்பு. அந்த மெசேஜ் வந்த பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். சவப்பெட்டி மரக்காணத்துக்கு வந்து சேர்ந்தபோது திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேயே மண் போட்டார். கூட வந்த சூட்கேஸில் நாலு சட்டை, ஒரு ஜெபமாலை, துணியில் சுற்றிய இந்தப் பாட்டில். வழியில் எங்கேயோ அடிபட்டு மூடி விரிசல் விட்டிருந்தது.

அப்பா அதற்கு டேப் சுற்றி, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தார். உப்பளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை. எனக்கு எரிச்சலாக வரும். செத்த மீனை வைத்துக்கொண்டு என்ன குசல விசாரிப்பு என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். அந்த வயதில் அவருக்கு வேறு என்னதான் மிச்சம் இருந்தது, பாவி நான் அதையும் கேட்டேன்.

ஜெயப்பிரகாஷ் சார் புதுச்சேரியில் அண்ணனுக்குப் பாடம் நடத்தியவர், இப்போது சென்னையில் இருக்கிறார். மீனின் போட்டோ ஒன்றை அண்ணன் அவருக்கும் அனுப்பியிருக்கிறான். பதில் போட்டு, பதில் போட்டு, எட்டு மாதம் கழித்துத்தான் அவருக்குச் சாவுச் செய்தி தெரிந்திருக்கிறது. மூன்று வாரம் முன்பு என்னைத் தேடிப்பிடித்து போன் செய்தார். ஆப்பிரிக்காவில் அயிரை வகை மிகவும் அபூர்வம், அந்த நாட்டில் இரண்டு வகைதான் பதிவாகியிருக்கிறது, போட்டோவில் இருப்பது இரண்டிலும் சேராத மாதிரி இருக்கிறது என்றார். மீசையையும் துடுப்பு முள்ளையும் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். புதுசு என்றால் கண்டுபிடித்தவன் பெயரையே மீனுக்கு வைக்கலாமாம். பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். பத்திரமா இருக்குது சார் என்றேன்.

இதை அப்பாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. கல்யாணம் ஆகாமல் போனவன், பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை என்று இத்தனை மாதமாகக் குமைந்துகொண்டிருந்த மனிதர். மறுநாளே கோயில் வாசலில், பாத்தி வரப்பில், டீக்கடையில், எல்லாரிடமும் சொல்லியாயிற்று. உப்பளத்தில் கூட வேலை செய்கிற குப்பம்மாள் அக்கா, உம் பேரன எவளாவது கொழம்பு வெச்சிடப் போறா இன்னாசிராஜண்ணே, பாத்துக்க என்றாளாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணன் போனபிறகு அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சார் இடுக்கியை உள்ளே விட்டு மீனைத் தொட்டார். ஒரு துடுப்பு கழன்று தனியாக மிதந்தது. இன்னொரு முறை தொட்டார். தலைப்பக்கம் மாவாக உதிர்ந்தது. உடம்பெல்லாம் சுருங்கி, வெள்ளைப் பரல் பரலாக ஒட்டியிருந்தது.

"மீன் கெடாம இருக்க இதுல ஊத்தியிருந்தது ஸ்பிரிட்டு. இப்ப என்ன இருக்குது?" என்றார் சார், என்னைப் பார்த்து.

அப்பா அன்றைக்குப் போன் செய்தது எனக்கு நினைவு வந்தது. டிசம்பர் மாதம், துணிக்கடை வேலை முடிந்து புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன். கோட்டக்குப்பம் தாண்டவில்லை, மூச்சுவிட இடமில்லை, அப்பா போன். பாட்டில்ல தண்ணி பாதியா வத்திப்போச்சும்மா, மீனு முதுகு வெளிய தெரியுது, இன்னா ஊத்தறது என்று கேட்டார். எதையாவது ஊத்துப்பா, சும்மா சும்மா போன் பண்ணாத என்று வெட்டிவிட்டேன். அவ்வளவுதான் நான் சொன்னது. நான் படித்தவள், சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார்.

"உப்புத்தண்ணிங்க சார்" என்றார் அப்பா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "சாதா தண்ணி இல்லீங்க. பாத்தியில உப்பு பூக்குறதுக்கு முன்னாடி கெட்டியா நிக்கும் பாருங்க, அது. மேல ரெண்டு கை கல்லுப்பும் போட்டேன். அதுல போட்டா எதுவும் கெட்டுப்போவாதுங்க."

நாற்பது வருஷம் அந்தத் தண்ணீரில் நின்று பாதம் வெடித்த மனிதர். அவருக்குத் தெரிந்ததிலேயே உசத்தியானதைத்தான் ஊற்றியிருக்கிறார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். கடைசியில் மெல்லச் சொன்னார்.

"எண்ணிப் பாக்க ஒண்ணும் மிச்சமில்லீங்க ஐயா. அயிரைன்னு மட்டும்தான் இனிமே சொல்ல முடியும்."

"அது எம்புள்ள புடிச்ச அன்னைக்கே சொன்னானே சார்" என்றார் அப்பா. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கட்டியிருந்த கை இரண்டும் தானாக இறங்கியது.

யாரும் உங்ககிட்ட சொல்லலியா, யாரையாவது கேட்டிருக்கலாமே என்று சார் ஆதங்கத்தில் கேட்டுவிட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"யாரையும் கேக்கலீங்க" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவேயில்லை. "நானாதான் ஊத்துனேன்."

சார் உதிர்ந்ததையெல்லாம் தான் கொண்டுவந்த புது பாட்டிலில் சேர்த்துக்கொண்டார். லேப்பில் முயற்சி செய்து பார்க்கிறேன் என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். பாட்டிலின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. இடுக்கியால் எடுத்து விரித்தார். அண்ணனின் கையெழுத்து. ஓடையின் பெயர், தேதி, கீழே சேகரித்தவர் இ. பிரிட்டோ. ஸ்பிரிட்டில் அழியக் கூடாது என்று பென்சிலில் எழுதியிருந்தான். ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. சார் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். காகிதத்தை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். நான் போட்டுவைத்த காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது, சார் குடிக்காமலே கிளம்பினார்.

அவரைச் சென்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அப்பா ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு தட்டில் காகிதத்தை விரித்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அன்னைக்கி பஸ்ல நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஃபேன போடும்மா. காயட்டும்" என்றார்.

போட்டேன். அவர் எதிரே நானும் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. அவர் பார்க்காத மாதிரி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதன் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. பிறகு தேதி வெளுத்தது. அண்ணன் பெயரின் மேல் பொடிப்பொடியாக உப்பு பூத்தது. அப்பா கட்டைவிரலை எச்சிலில் தொட்டு மெதுவாகத் துடைத்தார். பிரிட்டோ என்று தெரிந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்ததும் மறுபடி வெள்ளை படர்ந்தது. அவர் மறுபடி விரலைத் தொட்டுக்கொண்டார்.