மிளகு மணக்கும் ஐந்து ரூபாய்

மக்கத்துக்கு உம்ரா யாத்திரை போகிறவர்கள் பயணத்துக்கு முன் சொந்தபந்தம், அயலவர் எல்லாரிடமும் போய், செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் டிக்கட் போட்ட பிறகுதான் கேட்பார்கள். அலுவிகாரையில் மிளகு மில் வைத்திருக்கும் மர்சூக்குக்கு டிக்கட்டெல்லாம் தேவைப்படவில்லை. கையில்தான் ஓர் ஐந்து ரூபாய்க் காசு இருந்ததே!

அது லேசுப்பட்ட காசா என்ன? மற்ற ஐந்து ரூபாயைவிடச் சிறியது, விளிம்பு தடித்தது, ஓரத்து எழுத்துகள் பாதி மறைந்தது. அச்சடிக்கும்போதே பிழைத்துப்போன காசுக்கு இருபது லட்சம் கிடைக்கும் என்று யூடியூபில் ஒருவன் அடித்துச் சொன்னான். முகத்தைக்கூடக் காட்டவில்லை, குரல் மட்டும்தான். மர்சூக்குக்கு அது போதும். பன்னிரண்டு வருடமாக மக்கத்தை நினைத்து ஏங்கும் மனைவி ஸஜீதாவிடம், "ரெண்டு பேரும் போறோம்" என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே மன்னிப்பு ஊர்வலம் புறப்பட்டது. யட்டவத்தையில் ஸஜீதாவின் தம்பி ரிஸ்வி வீட்டில்தான் அவர் வாய் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. ரிஸ்வி தபால் கந்தோரில் வேலை பார்ப்பவன். நாலு வருடத்துக்கு முன், யாரோ போட்ட மொட்டைப் பெட்டிசனால் தொலைதூர மொனராகலைக்குத் தூக்கியடிக்கப்பட்டு, போன வருடம்தான் திரும்பி வந்தான்.

"அத எழுதினது நான்தான், ரிஸ்வி" என்றார் மர்சூக்.

காரணம் பெரிய காரணம். ஒரு கல்யாணத்தில் ஆறு பேராக ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டபோது, மர்சூக்கின் பக்கம் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை ரிஸ்வி எடுத்துவிட்டான். இப்பேர்ப்பட்ட அநியாயத்தை அரசாங்கத்திடம் முறையிடாமல் வேறு யாரிடம் முறையிடுவது?

ரிஸ்வி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மக்கத்துக்குப் போற மனுசன் கேக்குறீங்க. பொறுத்துட்டேன், மச்சான்."

"ஒங்க ராத்தா ஸஜீதாவுக்கு மட்டும் சொல்லிறாத" என்று மர்சூக் கெஞ்சினார். அதற்கும் தலையாட்டினான். இனி எப்படியாவது போயே ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் காசைச் சோதிக்கலாம் என்ற ஞானம் பிறந்தது. வஹகோட்டை நோபர்ட் மாத்தளை டவுனில் கடிகாரம் திருத்துகிறவர், காசு சேர்ப்பதில் பைத்தியம் பிடித்தவர். கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கேட்டார்.

"எங்க கெடச்சது, மர்சூக் நானா?"

"பேங்க்ல. புதுக் காசுப் பையிலேருந்து."

உண்மையில் அது, மில்லில் மிளகைச் சுழற்றித் துப்புரவாக்கும் பழைய டிரம்மைக் கழற்றியபோது அடியில் கிடந்தது. அதைச் சொன்னால் விலை இறங்கிவிடும் என்பது மர்சூக்கின் சாமர்த்தியம்.

நோபர்ட் காசைச் சாய்த்துப் பிடித்தார். "அச்சுல பிழைச்சிருந்தா எழுத்தே சரியா விழுந்திருக்காது. இதுல எழுத்து முழுசா விழுந்திருக்கு. அப்புறம்தான் விளிம்பு அடிபட்டு அடிபட்டு உள்ளுக்கு மடிஞ்சு, எழுத்து மேல ஏறிப் படுத்திருக்கு. இது எதுக்குள்ளயோ வருசக்கணக்கா உருண்ட காசு."

ஊசியால் மடிப்பைக் கிளறினார். கறுப்புத் தூள் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துத் தும்மினார்.

"பேங்க்ல மிளகும் போட்டா குடுத்தாங்க?"

"அப்ப என்ன பெறும்?"

"அஞ்சு ரூபா. கடைக்காரன் வாங்கினா."

மர்சூக் வீட்டுக்கு வந்தபோது ரிஸ்வி முன்னறையில் உட்கார்ந்திருந்தான். பயணத்துக்கென்று புது சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்திருந்தான். மர்சூக்குக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. காசு ஐந்து ரூபாய்தான் பெறும், பயணமும் இல்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

ரிஸ்வி எழுந்து சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்தான். "நான் பொறுத்தது மக்கத்துக்குப் போற ஆள, மச்சான். இங்கயே இருக்கிற ஆள இல்ல. பெட்டிசன் போட்டவரோட எனக்குப் பேச்சில்ல."

தேத்தண்ணியோடு வந்த ஸஜீதா நின்றாள். "எந்தப் பெட்டிசன்?"

ரிஸ்வி சொன்னான். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஸஜீதா கோப்பையை மேசையில் வைத்தாள். "உம்மா மவுத்தான அன்னைக்கு, என் தம்பி மொனராகலையிலேருந்து வந்து சேர்றதுக்குள்ள அடக்கிட்டாங்க. வாசல்ல நின்னு அழுதான். நீங்கதானே அவன் தோள்ல கை போட்டு ஆறுதல் சொன்னீங்க."

மன்னிப்புக் கேட்டு இத்தனை வீட்டுப்படி ஏறிய மர்சூக், இந்த வீட்டில் மட்டும் கேட்கவே இல்லை.

"ஸஜீதா, என்னப் பொறுத்துக்க."

"மக்கத்துக்குப் போற அன்னைக்கு வந்து கேளுங்க" என்றாள் அவள்.